கார் ஷெட்டில் ஒரு வேலை அறை

சென்னையின் பழைய தனிவீடுகளில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, கீழ்ப்பாக்கம், அடையாறு காந்தி நகர் என்று எங்கே போனாலும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அகலம் 9 அல்லது 10 அடி, நீளம் 16 முதல் 18 அடி. பெரும்பாலும் அம்பாசிடரை மனதில் வைத்துக் கட்டியவை. அந்த வண்டி 14 அடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஐந்தரை அடி அகலம். கதவைத் திறந்து இறங்க இருபுறமும் இடம், பின்னால் பழைய டயரும் ஆயில் டின்னும் வைக்க இரண்டடி, அவ்வளவுதான் கட்டியவர்களின் கணக்கு. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. நான் உள்ளே போய்ப் பார்த்த ஷெட்டுகளில் பல அதற்கு வெகுகாலம் முன்பே காலியாகிவிட்டன. பெரியவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், அல்லது புதிதாக வாங்கிய வண்டி அந்த வாசலில் நுழையாது.

1986-ல் அப்பாவிடம் சித்தாளாகக் கட்டட வேலைக்கு வந்தேன். பிறகு கொத்தனார், மேஸ்திரி, இப்போது சின்ன அளவில் கான்ட்ராக்ட். புது வீடு கட்டியதைவிடப் பழைய வீட்டைத் திருத்தியதுதான் அதிகம். ஷெட்டை அறையாக்கும் வேலை ஆரம்பத்திலிருந்தே என்னைத் தேடி வந்தது. யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதை வரிசையாகச் சொன்னாலே ஊர் மாறிய கதை வந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பூத். தெருப்பக்கச் சுவரை உடைத்து ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்துக் கொடுப்போம். தொண்ணூறுகளில் டி.டி.பி. சென்டர், கம்ப்யூட்டர் வகுப்பு. அப்புறம் டியூஷன், பாட்டு கிளாஸ், தையல். 2000-க்குப் பிறகு எடிட்டிங், டப்பிங். 2020-லிருந்து வீட்டில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்க்கிறவர்கள். இத்தனை பேரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “மேஸ்திரி, ஏ.சி. எந்தப் பக்கம் மாட்டலாம்?”

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். “மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் நிக்கும் சார்?”

தேசியக் கட்டட விதித்தொகுப்பில், வீட்டின் பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு 15 செ.மீ. போதும். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொத்தனார்கள் அப்படித்தான் கட்டினார்கள், வண்டி ஏற வேண்டுமே. அந்த 15-க்கும் 45-க்கும் நடுவில் இருக்கும் ஓரடிதான் இந்த வேலை முழுவதையும் ஆட்டிவைக்கிறது. தரையை ஓரடி ஏற்றினால் கூரை ஓரடி இறங்கியதாக ஆகிவிடும். 9 அடி உயரமுள்ள ஷெட் 8 அடி ஆகும். ஆட்கள் புழங்கும் அறைக்கு 2.75 மீட்டர் வேண்டும், அது 9 அடி. ஏ.சி. போட்ட அறையானால் 2.4 மீட்டர் போதும், அது 8 அடிக்குச் சற்றுக் கீழே. ஆகவே ஏ.சி. வேண்டாம், ஃபேன் காற்றே போதும் என்கிறவர்களுக்குக் கூரையைத் தூக்கியே தீர வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். பெயின்ட் நிறம் தேர்ந்தெடுத்து வைத்திருப்பவர்களுக்கு முகம் வாடிவிடும்.

இதோடு சாலையும் சேர்ந்துகொண்டது. நான் வேலைக்கு வந்த காலத்தில் தெருவிலிருந்து ஷெட்டுக்குச் சின்னதாக ஒரு ஏற்றம் இருக்கும். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே அடுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அங்குலம். மேற்கு மாம்பலத்தில் சில தெருக்களில் இப்போது தெருவிலிருந்து ஷெட்டுக்கு இறங்கித்தான் போக வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரிடமிருந்தே உத்தரவு வந்தது. அதற்குள் ஏறியது ஏறியதுதான். வாசலில் ரசமட்டக் குழாயைப் பிடித்துத் தெருவின் நடுமட்டத்தையும் ஷெட்டின் தரைமட்டத்தையும் பார்த்துக்கொண்ட பிறகுதான் நான் விலையே பேசுவேன்.

அதே மேற்கு மாம்பலத்தில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டி.டி.பி. சென்டர் வேலை. முன்பே வேறொருவர் வந்து ஷெட் தரைமீது நேராக டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். முதல் கோடையிலேயே டைல்ஸ் தூக்கிக்கொண்டது. கம்பியால் தட்டினால் பாதி இடத்தில் வெற்றுச் சத்தம். பெயர்த்துப் பார்த்தால் அடியில் கறுப்பு. இருபது வருஷம் வண்டியிலிருந்து சொட்டிய என்ஜின் ஆயில் சிமென்ட் தரைக்குள் இறங்கி ஊறியிருந்தது. ஆயில் குடித்த தரையில் கலவை பிடிக்காது. சோடா போட்டுக் கழுவினாலும், ஆசிட் ஊற்றினாலும் மேல்தோல்தான் வெளுக்கும். அந்தத் தரையை முழுக்க உடைத்து வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திம்சு கட்டையால் இடித்து, மேலே 250 மைக்ரான் பாலிதீன் விரித்து, ஓரங்களில் சுவர்மேல் ஒரு சாண் ஏற்றி மடித்து, அதற்குமேல் நாலங்குலம் ஜல்லிக் கான்கிரீட். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுப்பது அந்தப் பாலிதீன்தான். ஒரு சின்ன ஷெட்டுக்கு அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதை விட்டுவிட்டுப் போட்ட தரையில் மர அலமாரியின் அடிப்பலகை இரண்டே மழைக்காலத்தில் உப்பி உதிர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரிய பங்களாக்களின் ஷெட்டில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். மெக்கானிக் இறங்கி நின்று வண்டியின் அடியைப் பார்ப்பதற்காகச் செங்கல் கட்டி, மேலே மரப்பலகை மூடியிருப்பார்கள். கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில், இடித்த குப்பையையே அதில் கொட்டி மூடிவிடச் சொன்னார் வீட்டுக்காரர். அது ஆவணி மாதம். “ஐப்பசி வரைக்கும் மூட வேணாம் சார், ஒரு மழை பார்த்துக்கலாம்” என்றேன். அடைமழை பிடித்த நாலாம் நாள் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை, எல்லாம் அடியிலிருந்து ஊறியது. அந்த மனைக்கு நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பதை அந்தப் பள்ளமே அளந்து காட்டிவிட்டது. அந்த அளவை வைத்துத்தான் தரை உயரத்தை முடிவு செய்தோம். பிறகு தை மாதம், பள்ளத்தை ஆற்றுமணலால் அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் கட்டி இடித்தோம். குப்பை கொட்டியிருந்தால் நாலு வருஷத்தில் அந்த இடம் மட்டும் உள்வாங்கித் தரையில் சதுரமாக விரிசல் விட்டிருக்கும்.

சுவருக்கு வருகிறேன். 1950-களுக்கு முன் கட்டிய ஷெட்டுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அடியில் ஈரத் தடுப்பு எதுவும் கிடையாது. செங்கல் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் போய்விடும். அப்படித்தான் அந்தச் சுவர்கள் அறுபது எழுபது வருஷம் நின்றன. இதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உள்ளேயே மேலே ஏறும். இரண்டடி உயரத்தில் இருந்த ஓதம் நாலடிக்குப் போகும். கூடவே உப்பும் ஏறிப் பூச்சைத் தள்ளும். அதை மறைக்க டைல்ஸ் ஒட்டினால் டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே பூக்கும். மயிலாப்பூரில் ஒரு வீணை ஆசிரியையின் அறைக்கு, இப்படிப் பூசியிருந்த சிமென்டையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்க வைக்க வேண்டும், எப்போது மணியாசுக்கட்டை போட்டுத் தேய்க்க வேண்டும் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு இருந்த இளம் கொத்தனார்களுக்குப் பொறுமை இல்லை. சிமென்ட் மறுநாளே கல்லாகிவிடும், இது வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஆனால் அந்த அம்மாவின் வீணைகள் சாய்ந்திருக்கும் சுவர் அது. ஈரச் சுவரில் சாய்ந்தால் பலா மரக் குடம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் காத்திருந்தார். இப்போது அந்த முறையில் பூசத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. இந்தக் கைவேலை போவதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

கூரையில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். மிகப் பழையது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. அவ்வளவு கனமான கூரை என்பதால் கத்திரி வெயிலிலும் உள்ளே தாங்கும். இந்தக் கூரை இருந்தால் கையை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பார்க்க வேண்டியது உத்திரத்தின் நுனிகளைத்தான். மரம் சுவருக்குள் போய் உட்காரும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் சேரும். நடுவில் வைரம் மாதிரி இருக்கிற தேக்கு, நுனியில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் பிடிவரை இறங்கும். அப்படிப்பட்ட உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கவைக்கலாம். வாசலுக்கு மேலே மரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் போட்டிருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டினால் சிலவற்றில் டார்மன் லாங் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் எழும்பித் தெரியும். சில வீடுகளில் பழைய ரயில் தண்டவாளமே வாசலைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது எழுபதுகள், எண்பதுகளில் போட்ட கான்கிரீட். சாந்தோம், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து அடிக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. துருவைச் சுரண்டி, மருந்தடித்து, புதுக் கலவை அடைக்க வேண்டும். கம்பி பாதிக்குமேல் கரைந்திருந்தால் இடித்துவிடுவதே நல்லது.

மூன்றாவது ஆஸ்பெஸ்டாஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்தபோது சம்மட்டியால் ஓங்கி அடித்து உடைத்து இறக்குவார்கள். தூசு பறக்கும், சித்தாள்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளுவார்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லிருந்து முழுவதும் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் கடையில் கிடைக்கிறது. முழு ஷீட்டாகத் தலைக்கு மேலே கிடக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும்தான் ஆபத்து. அதனால் எங்கள் ஆட்கள் இப்போது முதலில் தண்ணீர் பீய்ச்சி நனைத்து, ஷீட்டைத் தொடாமல் ஜே போல்ட்டின் நட்டை மட்டும் அறுத்து, முழு ஷீட்டாக இறக்கித் தடித்த பாலிதீனில் சுற்றி வைப்பார்கள். முகக்கவசம் கட்டாயம். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும். “எதுக்குங்க இதெல்லாம், ஒரு அடி போட்டா வந்துடும்” என்று வீட்டுக்காரர்களே சொல்வதுண்டு. அந்த ஒரு அடியை அடிக்கப்போவது என் ஆள், அதை நான் விட முடியாது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததும் இந்த வேலை நிறைய வந்தது. மரம் விழுந்து நொறுங்கிய ஷீட்டுகளுக்குப் பதிலாகப் பலரும் பஃப் பேனல் கேட்டார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே இரண்டங்குலம் நுரை அடைத்தது. வெயிலை நன்றாகத் தடுக்கும். ஆனால் மழை பெய்தால் தகடு தகடுதான், போனில் பேச முடியாது. ஓவியம் வரைகிறவருக்கும் தையல்காரருக்கும் அதனால் குறையில்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது உதவாது.

குரல் வேலை பற்றி என்றால் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் கலைஞருக்குச் செய்ததைச் சொல்கிறேன். ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அதற்குப் பிறகு, பெரிய ரெக்கார்டிங் தியேட்டர் இல்லாமலும் வீட்டில் வைத்தே வேலை செய்யலாம் என்ற நம்பிக்கை அந்தப் பேட்டை முழுக்கப் பரவியது. இவரும் அந்த நம்பிக்கையில் ஷெட்டின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார். முட்டை அட்டை சத்தத்தை நிறுத்தாது. உள்ளே எழும் எதிரொலியில் கீச்சுப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தீப்பொறி பட்டால் ஒரு நிமிஷத்தில் அறையே போய்விடும். வெளிச் சத்தத்தை நிறுத்துவது இரண்டு விஷயம்: சுவரின் கனம், இடைவெளி இல்லாமை. 9 அங்குலச் செங்கல் சுவர் நல்ல சுவர். அந்தச் சுவர் தடுத்ததையெல்லாம் கதவுக்கு அடியில் உள்ள அரை அங்குலச் சந்து உள்ளே விட்டுவிடும்.

அந்த ஷெட்டுக்குள் இன்னொரு பெட்டி கட்டினோம். பழைய சுவரைத் தொடாமல் இரண்டங்குலம் விட்டு நாலரை அங்குலச் சுவர். பூசும்போது சாந்து அந்த இடைவெளியில் விழுந்து இரண்டு சுவரையும் இணைத்துவிடக் கூடாது. விழுந்தால் செய்ததெல்லாம் வீண். அதற்காக ஒரு பலகையை உள்ளே தொங்கவிட்டு, வரிசைக்கு வரிசை தூக்கிக்கொண்டே வந்தார் கொத்தனார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனமான கதவுகள், சுற்றி ரப்பர். உள்ளே சட்டம் அடித்து ராக்வூல் என்கிற கல்நார்ப் பஞ்சு வைத்துத் துணி போர்த்தினோம். எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் கைதட்டினால் சத்தம் நடுங்கும் என்பதால் ஒரு சுவரைக் கொஞ்சம் கோணலாக்கினோம். பத்தடி அகலம் எட்டடிக்கும் கீழே போனது. அவர் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. “இருக்கிற இடத்தையும் சுவரே முழுங்கிடுச்சே அண்ணே” என்றார்.

கடைசியில் காற்று வேண்டும். இறுக்கி மூடிய அறைக்குள் ஏ.சி. இருக்கும் காற்றைத்தான் குளிர்விக்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும். ராக்வூல் ஒட்டிய மரக் குழாயை மூன்று வளைவுகளாக வளைத்து வெளிக் காற்றை உள்ளே விட்டோம். காற்று வளைந்து வரும், சத்தம் வளைவில் அடங்கும். தெருவில் அப்போது காய்கறி விற்பவர் வாயால் கூவிக்கொண்டு போவார். இப்போது பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த அறைக்குள் இன்றும் அது கேட்பதில்லை என்று அந்தக் கலைஞர் போனில் சொன்னார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் நான் செய்த அறைகளும் மூழ்கின. அந்த வெள்ளத்துக்குத் தரையை எவ்வளவு ஏற்றியிருந்தாலும் போதாது. கோட்டூர்புரத்தில் ஒரு எடிட்டரின் அறையில் வாசலுக்கு மேலே பரண் வைத்துக் கொடுத்திருந்தோம், பழைய காலத்துப் பரண்தான். ஹார்ட் டிஸ்க்குகளை அதில் ஏற்றிவிட்டு வெளியேறினார். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் போயின, அவருடைய வேலை தப்பியது. அதிலிருந்து தாழ்வான பகுதி என்றால் பரண் இல்லாமல் நான் முடிப்பதில்லை. பிளக் பாயிண்டுகளையும் நாலடி உயரத்தில் வைக்கிறேன்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஷெட்டுக்கு வீட்டிலிருந்து ஒரு பல்புக்காக இரண்டு ஒயர் மட்டும் இழுத்திருப்பார்கள், எர்த் இருக்காது. அதிலிருந்தே கம்ப்யூட்டர் ஓட்டினால் கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், ஏ.சி.க்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., புது எர்த் குழி, இவை நான்கும் வேண்டும். மீட்டர் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு மின் கட்டண ஆணையில், தொழில்முறை ஆலோசகர் ஒருவர் தன் வீட்டோடு சேர்ந்து வைத்திருக்கும் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று இருக்கிறது. பத்துக்குப் பதினெட்டு ஷெட் 180 சதுர அடி. டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் இது பொருந்தும். கடையோ பட்டறையோ வைத்தால் பொருந்தாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தை அடைத்து அறையாக்கித் தரச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். செய்வதில்லை. தூண்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடம் எல்லோருக்கும் பொது, அதைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. தனிவீட்டிலும் மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தில் அது கார் நிறுத்தம் என்றுதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் ஒருவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன்.

வாசலை என்ன செய்வது என்பதில்தான் வீட்டுக்காரரோடு எனக்கு அதிகம் வாக்குவாதம் வரும். ஷட்டரை எடுத்துவிட்டு முழுக்கச் சுவர் வைத்து, நடுவில் ஒரு சின்ன ஜன்னல் கேட்பார்கள், திருட்டுப் பயம். எட்டடி வாசலுக்கு மேலே தாங்கும் லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வெளிச்சத்தை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், அதை ஏன் அடைக்க வேண்டும்? நம்முடையது போன்ற ஈர வெப்பமான ஊருக்கு ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 180 சதுர அடிக்கு 30 சதுர அடி. ஷெட்டின் மற்ற மூன்று சுவர்களில் அதற்கு இடம் தேட முடியாது. ஒன்று காம்பவுண்டை ஒட்டியிருக்கும், ஒன்று வீட்டை ஒட்டியிருக்கும். ஆகவே கீழே இரண்டரை அடிக்குக் கட்டைச்சுவர், மேலே கம்பி போட்ட அகலமான ஜன்னல், ஓரத்தில் கதவு என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைப்பேன். எலக்ட்ரிக் கார் வந்த பிறகு சிலருக்கு ஷெட் மறுபடி தேவைப்படுகிறது. அப்படி வாய்ப்பிருந்தால் கட்டைச்சுவருக்குப் பதில் கழற்றும்படியான மரத் தடுப்பு வைக்கலாம். தரையை ஏற்றிவிட்டால் மட்டும் வண்டிக்குச் சரிவு கட்ட வாசலில் இடம் வேண்டும்.

ஓவியர்கள் வடக்கு ஜன்னல்தான் கேட்பார்கள், நேர் வெயில் விழாது என்று. பெசன்ட் நகரில் ஒருவருக்கு வடக்கில் ஆறடி ஜன்னல் வைத்தோம். வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்ததாக, சன்ஷேடு வேண்டாம் என்றார். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆடி முடியும் வரை உச்சி வேளையிலும் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். காலையிலும் மாலையிலும் சாய்வாக அந்த ஜன்னலுக்குள் விழும். வடக்குச் சுவரில் பூசி வேலை செய்த எவருக்கும் வைகாசி வெயில் முதுகில் எப்படிச் சுடும் என்று தெரியும். இதைச் சொல்லி, மேலே ஒன்றரை அடி சன்ஷேடும் இரண்டு பக்கமும் நிற்கும் பலகைத் தடுப்பும் வைத்தோம். அதன்பிறகு வருஷம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்டில் திரும்பியபோது போன் ஓயவில்லை. பத்து வருஷமாகப் பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஷெட்டெல்லாம் திடீரென்று தேவைப்பட்டன. அவர்களுக்குப் பெரும்பாலும் ஓவியர் அளவு வெளிச்சமோ டப்பிங் அளவு அமைதியோ வேண்டாம். மேசைக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால் திரையில் பளபளப்பு விழாது, கேமராவில் முகமும் தெரியும். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் எதிரொலி குறையும். அதை மேற்குச் சுவரில் வைத்தால் மாலை வெயிலின் சூடும் குறையும். இவ்வளவே. ஆனால் நங்கநல்லூரில் ஒரு அம்மாவுக்கு வேறொன்றும் தேவைப்பட்டது. ஷெட்டை ஒட்டிய வீட்டறையில் அவருடைய தாயார் படுக்கையில் இருந்தார். “நான் மீட்டிங்ல இருக்கும்போது அம்மா கையைத் தூக்கினா எனக்குத் தெரியணும்” என்றார். இரண்டு சுவருக்கும் நடுவில் கட்டில் மட்டத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் திறந்தோம். இரட்டைக் கண்ணாடி, இவர் பேசுவது அங்கே கேட்காது. அந்த வேலையில் மற்ற எதைப் பற்றியும் அவர் கேள்வி கேட்கவில்லை.

இப்போது அயனாவரத்தில் ஒரு வேலை நடக்கிறது. ஆரி வேலை செய்யும் அக்காவும் தங்கையும். கல்யாண பிளவுஸ்களுக்கு ஜர்தோசியும் மணியும் வைத்துத் தைக்கிறார்கள், கூட இரண்டு பெண்கள். துணியை இழுத்துக் கட்டிய மரச் சட்டத்தின் இருபுறமும் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை. ஆகவே மேசை உயரம், நாற்காலி என்ற பேச்சே அங்கே இல்லை. எல்லாம் தரைதான். அடியில் ஈரம் இருந்தால் நாலு பேருக்கும் இடுப்பு போய்விடும், துணியிலும் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலையும் வழக்கத்தைவிடத் தாழ்த்தி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன், உட்கார்ந்தவர் கைமேல் வெளிச்சம் விழ வேண்டும். தரை தோண்டியாயிற்று, மணல் வந்து இறங்கிவிட்டது. தங்கைக்குச் சுவர் நிறத்தைப் பற்றி நிறைய யோசனைகள் இருக்கின்றன, போனில் படம் படமாகக் காட்டுகிறார். புரட்டாசி பாதி போய்விட்டது. அடைமழைக்கு முன்னால் பாலிதீன் விரித்துக் கான்கிரீட் போட்டுவிட வேண்டும். நிறத்தைத் தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.